முதல் திங்கள் நண்பகல் சங்கு

என் பெயர் சைமி ஹோல்மா, வயது பதினேழு, தகப்பனார் பெயர் ரெய்னோ. பின்லாந்தில் ஹிட்டாலகதி ஊர், துறைமுகத் தெரு, நான்காம் எண் வீட்டில் தாயார் இர்யாவுடன் வசிக்கிறேன். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் மன்றத்தில் காப்பி ஊற்றும் வேலை பார்க்கிறேன்.

இம்மாதம் முதல் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, வீடுகளுக்கு வெந்நீர் தருவதற்காக அமைக்கவிருக்கும் சிறிய அணு உலை பற்றி மன்றத்தில் கூட்டம் நடந்தது. உலை வேண்டாம் என்று சொல்லிவந்த என் தாயார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. முதலில் எல்லோரும் கருத்துப் படிவம் பூர்த்தி செய்தார்கள், நானும் செய்தேன். அதன் பிறகு அவற்றை வாங்கி என் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் தாயார் எழுந்து, "ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு எப்படி தெரியும்?" என்று கேட்டார். பொறியாளர் தொர்ஸ்டி, "அபாயச் சங்கு ஊதும்மா" என்று சொல்லி முடிக்குமுன் சங்கு ஊதியது. எல்லோரும் சிரித்தார்கள். மாதத்தின் முதல் திங்கள் நண்பகலில் சோதனைச் சங்கு ஊதுவது எங்களுக்குப் பழக்கம். ஊர்ச் சங்கத் தலைவர் ஆஹ்தி, "பாத்தியா இர்யா, உனக்குன்னே ஊதுறாங்க! பொண்ணே, ஜன்னலைத் திற, நல்லா கேக்கட்டும்" என்றார். என் தாயாரும் சிரித்தார்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது. சோதனைச் சங்கு ஒரே சீராகச் சில விநாடிகள் ஊதி நின்றுவிடும். இது ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊதிக்கொண்டே இருந்தது. அந்த வித்தியாசத்தை எழுதிய அட்டை காப்பி மேசைக்கு மேலே தொங்குகிறது, தினமும் நான்தான் துடைக்கிறேன். "இது அது இல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறப்பேன் என்று எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன்.

அதன் பிறகு கண் எரிந்தது. பக்கத்துத் தெரு மீன் குளிர்க்கிடங்கில் அமோனியா கசிந்தது என்று பின்னர் தெரிந்தது. என் தாயார் கையிலிருந்த காப்பிக் கோப்பையை யாரிடமாவது கொடுக்கப் பார்த்தார், பிறகு விழுந்தார். இந்த நேரம் வரை அவருக்கு நினைவு திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில்தான் ஏப்ரன் பையைப் பார்த்தேன். படிவத்தில் மூன்றாவது கேள்வி: 'சங்கு ஊதினால் ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும் என்பது தெரியுமா?' நாற்பத்தொரு படிவத்திலும் 'தெரியும்' என்று இருந்தது. அதில் ஒன்று என் தாயாருடையது, ஒன்று என்னுடையது. எல்லாவற்றையும் போலீசாரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது, அது நடந்ததுதான்.

(ஒப்பம்) சைமி ஹோல்மா