குரோசேயைத் திட்டிய கூம்பு

— ஏ சுமியே, நில்லு! நில்லுங்கறேன்ல! குரோசே செத்துட்டானாம்!

— ஏங்க, நடுத்தெருவுல நின்னு கத்தாதீங்க. பின்னாடி சைக்கிள் வருது, ஓரமா வாங்க.

— யாரு செத்தான்னு சொன்னேன், காதுல விழுந்துச்சா? குரோசே! நம்ம பேஸ்பால் குரோசே! மீன் கடை டிவியில இப்பதான் காட்டினான். மீன் சினையைக் கையில வாங்கினவன் அப்படியே நின்னுட்டேன். கடைக்காரனும் கத்தியைக் கீழ வச்சிட்டு அழறான்.

— மீன் சினை எங்க?

— என்னது?

— புது வருஷப் பண்டிகைக்குன்னு வாங்கப் போனீங்களே, மீன் சினை.

— அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன். அடி பாவி, ஒரு மனுஷன் செத்திருக்கான், நீ சினையைக் கேக்கறே?

— வாங்கலையா? நல்லதாப் போச்சு. இந்த வருஷம் அதெல்லாம் வேணாம். நடங்க, இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்.

— உனக்கு நெஞ்சுல என்ன கல்லா? கேட்டியா, பத்து நாளைக்கு முன்னாடியே போயிட்டானாம். வீட்டுக்காரங்க சத்தமில்லாம எரிச்சு முடிச்சிட்டு, வருஷம் முடியப் போகுதேன்னு இன்னிக்குத்தான் வாயைத் திறந்திருக்காங்க. நான் என்னடான்னா பத்து நாளா ஏணி மேல நின்னு ஊரார் வீட்டுக் காகிதக் கதவுக்கெல்லாம் புதுக் காகிதம் ஒட்டிக்கிட்டு, மைதானத்துல அவனுக்குக் கட்டின பாட்டையே முனகிக்கிட்டு இருந்திருக்கேன். அவன் சாம்பலாயிட்டான், நான் பாடிக்கிட்டு இருக்கேன்!

— உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க.

— எப்படி விடறது? நெருங்கின சொந்தம் மட்டும்தான் இருந்தாங்களாம். சொந்தம்னா யாரு, சொல்லு பார்ப்போம். மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, மலிவு டிக்கெட்டுல உக்காந்து அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவன் நான். நான் சொந்தம் இல்லையா?

— கத்தினீங்களா, திட்டினீங்களா?

— ரெண்டும் ஒண்ணுதான்.

— ஒண்ணா? "டேய் குரோசே, உன்னைப் பெத்தவ கண்ணைக் கழட்டி வச்சிட்டுப் பெத்தாளா"ன்னு மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினது யாரு?

— பின்னே? மூணு பந்து வந்துச்சு, மூணையும் வேடிக்கை பார்த்துக்கிட்டு விட்டான். கொஞ்சச் சொல்றியா? ஆனா அடுத்த தடவை வந்து நின்னானே, ஞாபகம் இருக்கா? அடிச்ச பந்து நம்ம தலைக்கு மேல போய் டிராம் பாதையில விழுந்துச்சு. சுத்தி ஓடி முடிச்சவன், நேரா நம்ம பக்கம் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். என்னைப் பார்த்துத்தான். இந்தக் கடைத்தெருவுக்கே தெரியும்.

— ம்.

— அன்னியிலிருந்து ஆட்டத்தை விட்டுப் போற வரைக்கும் அதே மாதிரிதான். நான் திட்டுவேன், அவன் அடிப்பான், தொப்பியைத் தொடுவான். ஒரு வார்த்தை பேசினது கிடையாது, ஆனா அவன் மாதிரி சிநேகிதன் எனக்கு வேற யாரும் இல்லைடி.

— தெரியுங்க. பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன்.

— உனக்கென்ன தெரியும்? பந்துக்கும் முள்ளங்கிக்கும் வித்தியாசம் தெரியாது. சோத்து உருண்டையைக் கட்டி எடுத்துக்கிட்டு என் கூட வந்து உக்காருவே, அவ்வளவுதான். சரி, அது இருக்கட்டும். என் கூம்பு எங்கே?

— எந்தக் கூம்பு?

— எந்தக் கூம்பா? கதவுக்கு ஒட்டற காகிதத்தை அடுக்கடுக்காப் பசை போட்டு ஒட்டி, என் கையால செஞ்ச கூம்பு. அதுல வாயை வச்சுத்தானே அவனைத் திட்டுவேன். வருஷக் கடைசின்னு வீட்டைப் பெருக்கறேன், துடைக்கறேன்னு எங்க தூக்கிப் போட்டே? அலமாரியில காணோம். பழைய மைதானத்து வாசல்ல ஜனம் கூடுதாம், எல்லாரும் சேர்ந்து கடைசியா அவன் பேரைச் சொல்லிக் கத்தப் போறாங்களாம். டிவியில சொன்னான். கூம்பு இல்லாம நான் எப்படிப் போறது?

— வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். அதோ, தோரணக் கடை ஹமசாகி தம்பி கையை ஆட்டறாரு.

— கன்சுகே அண்ணே! அண்ணி! வாங்க வாங்க. கேள்விப்பட்டீங்களா? சத்தியமா எனக்குக் கை ஓடலைண்ணே. காலையிலிருந்து ஒரு தோரணம் ஒழுங்காக் கட்டலை.

— கேட்டேன், ஹமசாகி. இன்னும் நம்பவே முடியலைப்பா.

— போன வருஷம் நம்ம கடைக்கு வந்தாருண்ணே, குரோசே! இதே இடத்துல நின்னாரு, இந்த வைக்கோலைத் தொட்டுப் பார்த்தாரு. சத்தியமா. தோரணத்துல வைக்க ஆரஞ்சு வேணும்னா என் தோட்டத்துல இருந்து அனுப்பறேன்னு சொன்னாரு. இப்படிப் பொசுக்குன்னு... சரி, நமக்கும் வருஷம் பொறக்கணும்ல. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன் பாருங்க, வாசல் தோரணம். இன்னிக்கே கட்டிடுங்க. நாளைக்கு வருஷக் கடைசி நாள், அப்பக் கட்டினா ஒரு ராத்திரித் தோரணம் ஆயிடும், சாமிக்கு ஆகாது.

— குடுப்பா. எவ்வளவு?

— வேணாம், ஹமசாகி தம்பி.

— என்ன சுமியே, விலையைக் கேக்கறதுக்கு முன்னாடியே வேணாங்கறே?

— விலைக்காக இல்லைங்க. இந்த வருஷம் வாசல்ல தோரணம் கட்டக்கூடாது.

— ஏன் கட்டக்கூடாது? சாவு விழுந்த வீட்லதான் கட்டக்கூடாது. நம்ம வீட்ல யாரு செத்தா?

— அண்ணி, துக்கம்னா சத்தியமா நான் விக்க மாட்டேன், எனக்கும் பாவம். யாரு போனது? எனக்குத் தகவலே வரலையே.

— சும்மா இருப்பா. சுமியே, உன் கூடையைக் காட்டு. காட்டுங்கறேன். வெங்காயத்தாள், டோஃபு, சோபா சேமியா. பண்டிகைச் சாமான் ஒண்ணுகூட இல்லை. மோச்சி இல்லை, கறுப்பு சோயா இல்லை. சினை வேணாம்னே. தோரணம் வேணாங்கறே. யாருக்குத் துக்கம்?

— வீட்ல போய்ப் பேசலாங்க.

— இரு, இரு. அன்னிக்கு ஒரு நாள் தலைமுடி வெட்டிட்டு வரேன்னு காலையில போனவ, சாயங்காலம்தான் வந்தே. முடி வெட்டின மாதிரியே தெரியலைன்னு நான்கூடக் கிண்டல் பண்ணினேன். அன்னிக்கு வாசப்படியில உப்பு கிடந்துச்சு. பனி உறையாம இருக்கப் போட்டேன்னே. அன்னிக்குப் பனியே இல்லைடி. மழைதான்.

— ஆமா. மழைதான்.

— சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து, தீட்டுக் கழியத் தோள்ல உப்பைப் போட்டுக்கிட்டு உள்ள வந்திருக்கே. யாரு சாவுக்குப் போனே?

— அண்ணே, நான் போய் சூடா டீ வாங்கிட்டு வரேன். கடையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க.

— ஹமசாகி போயிட்டான். இப்பச் சொல்லு. பத்து நாளைக்கு முன்னாடி. நெருங்கின சொந்தம் மட்டும். குரோசே சாவுக்குப் போனியா?

— போனேன்.

— போனேன்னு சாதாரணமாச் சொல்றே! உனக்கும் அவனுக்கும் என்னடி? கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா? பந்துன்னா என்னன்னு தெரியாதவ ஒரு ஆட்டம் விடாம வந்து உக்காந்தியே, அதுக்குத்தானா? சொல்லு. சீக்கிரம் சொல்லித் தொலை.

— ஒரே வயிறு.

— என்ன?

— எனக்கும் அவனுக்கும் ஒரே வயிறுங்க. அவன் என் கூடப் பிறந்த தம்பி.

— நீ... நீ டோஃபு கடை வீட்டுப் பொண்ணு.

— வளர்ந்தது டோஃபு கடையில. பொறந்தது தீவுல. அப்பா படகோட கடல்ல மூழ்கிப் போயிட்டாரு. அவன் கைக்குழந்தை, நான் நடக்கற பிள்ளை. அம்மாவால ரெண்டு வாய்க்கும் சோறு போட முடியலை. டோஃபு கடையில பிள்ளை இல்லை, தத்துக் குடுத்தாங்க. குடுத்த வீட்டுப் பேரை வெளியில எடுக்கக்கூடாதுன்னு பேச்சு.

— தீவு அத்தைன்னு சொல்லுவியே, வருஷா வருஷம் ஆரஞ்சுப் பெட்டி அனுப்புவாங்களே...

— அத்தைன்னு சொன்னது எங்க அம்மாவைத்தான். அவங்க போனப்புறம் தம்பி அனுப்பினான். அவன் தோட்டத்து ஆரஞ்சுதான் நீங்க சாப்பிட்டது. இந்த வருஷம் பெட்டி இன்னும் வரலைன்னு நேத்து தபால்காரர்கிட்டச் சண்டை போட்டீங்களே... நான் உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதேன்.

— அப்போ... நான் மைதானத்துல கத்தினது... கண்ணைக் கழட்டி வச்சிட்டுப் பெத்தாளான்னு...

— எங்க அம்மாவைத்தான் கேட்டீங்க.

— ஐயோ.

— முதல் தடவை நீங்க கத்தினப்ப உங்களை அந்தப் படிக்கட்டுல உருட்டி விடலாமான்னு இருந்துச்சு. அம்மாகிட்டச் சொன்னேன். அவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. மாப்பிள்ளை கேக்கறது நியாயம்தான், மூணு பந்தையும் விட்டானேன்னாங்க.

— என்கிட்ட ஏன்டி சொல்லலை? நான் என்ன மூணாவது மனுஷனா?

— உங்க வாயில நிக்குமா? மறுநாளே கடைத்தெரு பூரா என் மச்சான் குரோசேன்னு தம்பட்டம் அடிச்சிருப்பீங்க. வளர்த்தவங்க மூஞ்சியை எங்க கொண்டு வைப்பாங்க? அவங்க ரெண்டு பேரும் போனப்புறம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். தம்பிதான் தடுத்தான். சொல்லிடாதேக்கா, சொல்லிட்டா என்னைத் திட்ட மாட்டாருன்னான்.

— அவனுக்கு என்னைத் தெரியுமா?

— தெரியாமலா? உங்க குரல் எந்த வரிசையில இருந்து வருதுன்னு அவனுக்கு அத்துப்படி.

— சாவுக்காவது கூட்டிட்டுப் போயிருக்கலாம். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்திருப்பேன்.

— அன்னிக்குக் காலையில சொல்லத்தான் எழுந்து வந்தேன். நீங்க பட்டறையில ஏணி மேல நின்னு அவன் பாட்டைப் பாடிக்கிட்டு இருந்தீங்க. சந்தோஷமா இருந்தீங்க. என்னால முடியலைங்க. தப்புத்தான்.

— அழாதே. கடைவாசல்ல நின்னு அழாதே. இந்தா, துண்டு. சுமியே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. தொப்பியைத் தொட்டானே... அது?

— அது எனக்குங்க. அக்கா, நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். சின்ன வயசுல அத்தையைப் பார்க்கறேன்னு தீவுக்குப் போயிட்டுத் திரும்பறப்ப, படகுத் துறையில என்னை அப்படித்தான் தொட்டு வழியனுப்புவான். பேசக்கூடாதுல்ல.

— சரிதான். அதுவும் போச்சு. முப்பது வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். மடையன்.

— ஏங்க...

— இல்லை, போகட்டும் விடு. அக்காவுக்குத்தானே தொட்டான், பரவாயில்லை. வா, வீட்டுக்குப் போவோம். அந்தக் கூம்பை மட்டும் தேடி எடுத்துக் குடு. மைதானத்துக்குப் போறேன். இன்னிக்குத் திட்ட மாட்டேன். மச்சான்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டுட்டு வந்துடறேன்.

— கூம்பு வீட்ல இல்லைங்க.

— குப்பையிலயா போட்டே?

— அவன் சவப்பெட்டியில வச்சேன். காகிதம்தானே, எரியும்னு அங்க இருந்தவங்களும் சரின்னுட்டாங்க.

— என் கூம்பையா? என்னைக் கேக்காமலா? ஏன்டி?

— அவன்தாங்க கேட்டான். பேச்சே வராமக் கிடந்தவன், கடைசியா வாயைத் திறந்து கேட்டது அது ஒண்ணுதான். "மச்சானோட கூம்பைக் கொண்டு வாக்கா. அவர் திட்டலைன்னா எனக்குப் பந்தே கண்ணுல படாது."