ஜேபெக்கில் வராத வரி

மாரீஸ்வரி: ...ஸ்கிரீன்ல இருக்குல்லா? பெறவு ஜேபெக்ல மட்டும் எங்க போச்சு?

பேச்சிராஜா: அதான் எனக்கும் தெரியல. மூணு தடவ எக்ஸ்போர்ட் பண்ணிட்டேன். ஒங்கப்பா படம் வருது, மாலை வருது, 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' வருது, அண்ணமாரு பேரு, ஒன் பேரு எல்லாம் வருது. கடைசி வரி மட்டும்...

மாரீஸ்வரி: கடைசி வரின்னா ஒங்க பேரு.

பேச்சிராஜா: ம். 'மருமகன் பேச்சிராஜா'. அந்த ஒத்த வரிதான். விடு மாரி, சாஃப்ட்வேருக்கும் என்னயப் பிடிக்கல போல.

மாரீஸ்வரி: தள்ளுங்க, நான் பாக்கேன். தாராவி பூரா பேனர் அடிக்கிறவருக்கு மாமனார் பேனர்லதான் கை நடுங்குதோ?

பேச்சிராஜா: அரே, நடுங்கல...

மாரீஸ்வரி: எழுத்தக் கர்வ் ஆக்குனீங்களா?

பேச்சிராஜா: ஆக்கிட்டேன். எழுத்து இப்ப படம் மாதிரிதான், இனி ஃபான்ட் இல்லாத மெஷின்லயும் ஒடையாது.

மாரீஸ்வரி: வெள்ள மேல வெள்ளயா வச்சிருக்கீங்களோ?

பேச்சிராஜா: கருப்புதான். பேஜுக்கு உள்ளயும் இருக்கு. எல்லாம் பாத்தாச்சு... மாரி, மணி அஞ்சாவுது. ஆறு மணிக்குக் குர்லால தாஹிர் பாய் பிரிண்டிங் மெஷின நிறுத்திருவாரு. விடிஞ்சா ஒங்கப்பா வருசம். வந்த வரைக்கும் அனுப்பிருவோம்.

மாரீஸ்வரி: ஒங்க பேரு இல்லாமலா?

பேச்சிராஜா: பேனர்ல இல்லன்னா நான் மருமகன் இல்லன்னு ஆயிருமா?

மாரீஸ்வரி: அவங்களுக்கு ஆயிரும். கேக்காமக் கட்டிக்கிட்டோம்னு ஆறு வருசமா ஒங்கள வீட்டுக்குள்ள ஏத்தல. ஆஸ்பத்திரியில பதினோரு நாளு எங்கப்பாவக் குளிப்பாட்டுனது யாரு? அண்ணமாரா?

பேச்சிராஜா: அது இப்ப எதுக்குட்டி...

மாரீஸ்வரி: ஊரு பாக்கணும்லா. நைன்ட்டி ஃபீட் ரோட்டுல போறவன் ஒருத்தனாவது படிக்கணும்... இருங்க, லேயர் லிஸ்ட்டத் தெறக்கேன்.

பேச்சிராஜா: அதுல ஒண்ணும் இல்ல. அத விடு.

மாரீஸ்வரி: கைய எடுங்க... இது என்ன, ஒங்க பேரு மட்டும் தனி லேயர்ல கெடக்கு?

பேச்சிராஜா: தெரியாம விழுந்திருக்கும்.

மாரீஸ்வரி: லேயர் பக்கத்துல கண்ணு படம் தெறந்திருக்கு, அதுக்கு அடுத்தாப்புல பிரிண்டர் படத்த மட்டும் அடைச்சிருக்கு. அதான் ஸ்கிரீன்ல தெரியுது, எக்ஸ்போர்ட்ல வரல. இதும் தெரியாம விழுந்துச்சோ?

பேச்சிராஜா: சில நேரம்... ஹேங் ஆவும்லா...

மாரீஸ்வரி: ஹேங் ஆனா லேயருக்குப் பேருமா வைக்கும்? 'மாரி பாக்க மட்டும்'னு போட்டிருக்கு.

பேச்சிராஜா: லேயருன்னா ஒரு பேரு வேணும்லா...

மாரீஸ்வரி: எல்லா லேயருக்கும் பேரு வைக்கிற பழக்கம் ஒங்கள விடல பாத்தீங்களா. களவாணித்தனத்துக்கும் லேபிள் ஒட்டியிருக்கீங்க.

பேச்சிராஜா: மாரி...

மாரீஸ்வரி: சொல்லுங்க. ஏசமாட்டேன்.

பேச்சிராஜா: மத்தியானம் ஒங்க பெரியண்ணன் போன் பண்ணாரு. ஆறு வருசத்துல மொத போன். 'ஒன் பேரு இருந்தா நாங்க ஒருத்தரும் வரமாட்டோம்'னாரு. அப்பா வருசத்துல கூடப்பொறந்தவங்க இல்லாம நீ ஒத்தையில நிக்கணுமா? பழிய சாஃப்ட்வேர் மேல போட்டா நீ யாரு கூடயும் சண்டைக்குப் போகமாட்ட... அதான்.

மாரீஸ்வரி: ம்.

பேச்சிராஜா: அடைச்சே இருக்கட்டும்ட்டி. ஸ்கிரீன்ல நீ பாத்துட்டல்லா. எனக்கு அது போதும்.

மாரீஸ்வரி: தெறந்தாச்சு. எக்ஸ்போர்ட்டும் ஆயாச்சு. தாஹிர் பாய்க்கு மெயில் போயிட்டு.

பேச்சிராஜா: ஏட்டி... அவங்க வரலன்னா என்ன செய்வ?

மாரீஸ்வரி: வரமாட்டாங்க. காலையிலயே அண்ணன் எனக்கும் பேசிட்டான். 'அவரு பேரு இல்லாத பேனர்ல என் பேரும் இருக்காது, இஷ்டம்னா வாங்க'ன்னு சொல்லி வச்சிட்டேன். ஒங்க பேரு மட்டும் வரலன்னதுமே அவன் ஒங்களுக்கும் பேசியிருப்பான்னு புரிஞ்சிட்டு. ஒங்க மனசு நோவுமேன்னுதான் இவ்ளோ நேரம் நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி கர்வ் ஆக்குனீங்களா, கருப்பா வெள்ளயான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.