தொண்ணூத்தஞ்சா, தொண்ணூத்தெட்டா

...ஹாரன அடிச்சா மட்டும் ஆயிடுமா டிரைவர் சார்? நீங்களே சொல்லுங்க. உங்க டாக்ஸிக்கு எதை ஊத்தினாலும் குடிச்சிட்டு ஓடும். இது அப்படியா? ரெண்டே சீட்டு, எனக்கும் இதுக்கும் ஒரே வயசு, ஆனா நொரநாட்டியம் என்னைவிட ஜாஸ்தி! அந்தப் பக்கத்து பம்ப் ரிப்பேர்னா அதுக்கு நானா பொறுப்பு? இறங்கி வந்துட்டீங்கள்ல, ரெண்டு நிமிஷம் நில்லுங்க. மூணு குழாய் தொங்குது பாருங்க. தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தெட்டு. எதைப் போடறது? ...ம்ஹூம், அப்படியெல்லாம் பட்டுனு சொல்லிடக் கூடாது!

ஆக்டேன்னா என்னான்னு தெரியுமா? பெட்ரோலோட பொறுமைக்குப் போடற மார்க்கு சார் அது. பொறி அடிக்கறதுக்கு முன்னாடியே அவசரக்குடுக்கையாட்டம் பத்திக்கிச்சுன்னா எஞ்சினுக்குள்ள டக்கு டக்குனு இடிக்கும். மார்க் ஏற ஏறப் பொறுமையும் ஏறும். அந்தக் கணக்குல என் வீட்டுக்காரிக்கு நூத்துக்கு நூறே போடலாம். இருபத்தாறு வருஷம் பொறுத்தா. போன மாசம்தான் வெடிச்சா.

ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார். கல்யாண நாளு. வெளிய சாப்பிடலாம்னு இதுலதான் கிளம்பினோம். வழியில நல்ல பெட்ரோலா பாப்போம்னு நாலு பங்க் ஏறி இறங்கினேன். நாலே நாலுதான்! போய்ச் சேந்தா நாற்காலியெல்லாம் மேஜை மேல கவுத்துட்டானுங்க. மறுநாள் காலையில பெட்டியத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டா. கெஞ்சி, கூத்தாடி, கடைசியில இன்னிக்கு நாலு மணி ரயில்ல வரேன்னு சொல்லியிருக்கா. ஒரே ஒரு கண்டிஷன். "நான் இறங்கறப்ப நீங்க அங்க நிக்கணும். இல்லேன்னா அப்படியே திரும்பிடுவேன், அதுக்கப்புறம் நீங்களாச்சு உங்க காராச்சு."

மணி எத்தனை? நாலரையா?! ...சேச்சே, அந்த ரயில் என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு?

இருங்க இருங்க, நீங்க சொல்ல வரது புரியுது. கார் கூடவே ஒரு புஸ்தகம் குடுப்பாங்களே, அதப் பாக்கலாமேங்கறீங்க. பாத்தேன் சார்! பதினேழாம் பக்கம். "தொண்ணூத்து..." அதுக்கு மேல ஒரு காப்பி வட்டம். நான் வெச்ச கோப்பைதான். சரி, பழைய கார் வெச்சிருக்கறவங்க குழுவுல கேப்போம்னு கேட்டா, ஒருத்தன் தொண்ணூத்தஞ்சுங்கறான், ஒருத்தன் தொண்ணூத்தெட்டுக்குக் கீழ ஊத்தறவன் மனுஷனே இல்லங்கறான். ரோஷம் வந்து தொண்ணூத்தெட்டு போட்டேன். அப்பவும் டக்கு டக்கு! மெக்கானிக் காதை வெச்சுக் கேட்டுட்டு சொல்றான், "பெட்ரோல் மேல தப்பே இல்ல. பொறி எப்ப அடிக்கணும்னு ஒரு டப்பா இருக்கே, அதை யாரோ முன்னால திருப்பியிருக்காங்க. பழைய இடத்துல வெச்சா தொண்ணூத்தொண்ணே போதும்"ங்கறான். சாதாரணப் பெட்ரோல்! என் காருக்கு! கேட்டதும் எனக்குக் குப்புனு கோவம் வந்துருச்சு. ஒண்ணும் தொட வேணாம்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

யாரு திருப்பினதா? ...இது நமக்குள்ள இருக்கட்டும் சார். நாந்தான். தொண்ணூத்தெட்டு போடப் போறோமே, கொஞ்சம் முறுக்கிவிட்டா பறக்குமேன்னு ஒரு ஆசை. மெக்கானிக் அப்படி மூஞ்சிக்கு நேரா கேட்டானா, கூட அவளும் நின்னுட்டிருந்தாளா... "இவதான் துடைக்கறப்ப கை பட்டிருக்கும்"னு வாய்ல வந்துருச்சு. அவளும் நம்பிட்டா சார். "ஐயோ, என்னாலயா?"ன்னு கேட்டா. அதுக்கப்புறம் ஒரு வாரம் அவ கார் பக்கமே போகல. ச்சே... அதை நெனச்சா இன்னும் சோறு இறங்க மாட்டேங்குது. இன்னிக்கு எப்படியாவது சொல்லிடணும்னு இருக்கேன். டக்கு டக்குனு சத்தம் வராம கூட்டிட்டுப் போய், நல்லபடியா உக்கார வெச்சு...

என்ன சார், உங்க வண்டியவே காட்டறீங்க? பின் சீட்டா? யாரோ சவாரி. அவங்களுக்கென்ன, உக்காந்திருக்க... பாதி திறந்திருந்த கண்ணாடிய முழுசா இறக்கறாங்களே...

நீயா?

எ... எப்ப ஏறினே? ...நேரத்துக்கா வந்துச்சு? இன்னிக்குன்னு பாத்தா?! ...அக்கா வீட்டுக்கா? அவ்ளோ தூரம் டாக்ஸிலயேவா! அதான் டேங்க் ரொப்ப வந்தீங்களா சார்? ...எல்லாத்தையும் கேட்டியா? டப்பா விஷயமும்? ...ஆமா. நாந்தான். உன் கை படவே இல்ல. தப்பு எம்மேலதான்மா. நீ இல்லாத வீட்டுல பேச ஆளில்லாம இந்த இரும்புகிட்ட பேசிட்டிருந்தேன். போகாதேம்மா.

இறங்கறியா? இறங்கு இறங்கு, பெட்டிய நான் எடுக்கறேன். ...ஏய், அந்தக் குழாய ஏன் எடுக்கறே? அது தொண்ணூத்தொண்... போடு. போடும்மா, ரொப்பு. ...சாவியா? நீயா ஓட்டப் போறே? ...இந்தா. முதல்ல மெக்கானிக் கடைக்கா? ம்ம். நானே அவன்கிட்ட சொல்றேன், உன் எதிர்லயே சொல்றேன்.

வரேன் டிரைவர் சார், பொறுமையான மனுஷன் சார் நீங்க. ...ஏறிட்டேன்மா, ஏறிட்டேன். அந்தக் கதவ மட்டும் கொஞ்சம் மெதுவா... இல்ல இல்ல, நீ எப்படி வேணா சாத்து!