இறகு கவ்வி ஆடும் குருவி

யசோதா: ...பொய்! சுண்டுவிரல் அளவுச் செனகல் குருவி, ஒரு கிலோ தினை திண்டதாமோ?

தவரத்தினம்: சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டன். முக்கால் கிலோ. ரூ காய் தெருத் தமிழ்க் கடைக்காரன் கேக்கிறான், "அண்ணை, வீட்டிலை யானையோ வளக்கிறியள்?" எண்டு.

யசோதா: ஐயோ, சிரிக்க வையாதேங்கோ. மூக்குக் குழாய் இழுக்குது...

தவரத்தினம்: நேற்று உம்மடை கட்டிலடியிலை வைச்சிட்டு வந்த கறி?

யசோதா: ம்... நல்ல உறைப்பு. வழிச்சுத் துடைச்சிட்டன்.

தவரத்தினம்: பாத்தீரே! ஆஸ்பத்திரிச் சூப்பாலை ஏலாததை என்ரை தூள் செய்யும். வாற கிழமை நீர் மெத்ரோ ரயிலையும் முந்தி ஓடுவீர்.

யசோதா: ஓம், ஓம்... தூள் ஆர் வறுத்தது?

தவரத்தினம்: நான்தான்! ஒரு சாக்கு மிளகாய். மேல்வீட்டு ஜிஸ்லேன் தும்மித் தும்மி தீயணைப்புக்காரரைக் கூப்பிட்டிடுவாள் எண்டு யன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டி...

யசோதா: பூட்டியோ? குசினிக்குள்ளையெல்லோ குருவிக்கூண்டு!

தவரத்தினம்: அ... அதுகளுக்கென்ன? ஆபிரிக்க வெயில் குடிச்ச சாதி. இஞ்சை, சிவப்பன் தன்னிலும் நீட்டு இறகைக் கவ்விக்கொண்டு காவடி ஆடுறான்.

யசோதா: பெட்டைக்கு முன்னாலைதானே உந்த ஆட்டம் ஆடுவான்? போனைக் கிட்டப் பிடியுங்கோ.

தவரத்தினம்: ...கேட்டுதோ?

யசோதா: ஆடேக்கை இப்பிடிக் கத்தமாட்டான். இது தேடிக் கூப்பிடுற சத்தம்.

தவரத்தினம்: அவள்... அடைகாக்கிறாள்.

யசோதா: இஞ்சேருங்கோ. என்னட்டையுமோ பொய்?

தவரத்தினம்: மிளகாய்ப் புகை மூடினதைக் கண்டு ஓடிப்போய்க் கூண்டைத் திறந்தன், யசோ. அவன் பறந்து வந்திட்டான். அவள் முட்டையை விட்டு எழும்பேல்லை. முட்டையும் குளிர்ந்துபோச்சு... உமக்கெண்டுதானே வறுத்தனான். நீராவது வழிச்சுச் சாப்பிட்டீர். எனக்கு அது காணும்.

யசோதா: கறி அப்பிடியே குப்பைக்குள்ளை போச்சு, என்னப்பா. மூண்டு நாளா எனக்குத் தண்ணியும் இறங்கேல்லை. இனி வைத்தியம் இல்லையெண்டு டொக்டர் செவ்வாய்க்கிழமையே சொல்லிப்போட்டார்.