நாற்பத்தெட்டு வீடு, அறுபத்தொரு கை

அக்கா: உள்ளே வரலாமா... இல்ல, அதுக்கும் பதிவாளர் ஆபீஸ்ல மனு போடணுமா?

தங்கை: கதவு திறந்துதானே இருக்கு. தோத்த கட்சிக்கு நாற்காலி மட்டும் கிடையாது.

அக்கா: நின்னுக்கறேன்.

அம்மா: யாருடி அது? பெரியவளா?

தங்கை: ஆமாம்மா. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் நேர்ல வந்திருக்காங்க. எழுந்து வணக்கம் சொல்லு.

அம்மா: நான் எழுந்திருக்க முடிஞ்சா இத்தனை சண்டை எதுக்கு?

அக்கா: அந்த பெட்ஷீட் முனையைக் கொடு. ஆளுக்கொரு பக்கம் பிழியலாம்.

தங்கை: வேணாம். பால்கனியில துணி தொங்கினா கட்டிடத்தோட அழகு போயிடும்னு தீர்மானம் போட்ட கை. துணியே கூச்சப்படும்.

அக்கா: உன் வாய் இருக்கே...

தங்கை: வாய் மட்டும்தானே மிச்சம்! மொட்டை மாடிக்கும் பூட்டு. ஃபேன் காத்துல காயவச்சு, பாதி ஈரத்தோட விரிச்சு, அம்மா முதுகு பூரா புண்ணு. வேற வழியில்லாம ஊர்க்கோடியில வீடு பார்த்துட்டேன். தெரியுமா உனக்கு?

அக்கா: ...தெரியாது.

அம்மா: எனக்கும் தெரியாதே! என்னைக் கேட்காம என்னை எங்கடி தூக்கிட்டுப் போறதா இருந்தே?

தங்கை: இனிமே எங்கயும் போகலம்மா. ஜெயிச்சாச்சு! இதோ பாரு, கொடியில போட்டாச்சு. மூணாவது மாடியில கொடி பறக்குது.

அம்மா: எப்படி ஜெயிச்சேன்னு சொல்லு. படுத்துக்கிட்டுக் கேக்கறவளுக்கு முழுசாச் சொல்லணும்.

தங்கை: போன மாசம் தடை போடறதுக்குக் கை தூக்கச் சொன்னாங்களா... அறுபத்தொரு கை. நம்ம கட்டிடத்துல வீடே நாற்பத்தெட்டு.

அம்மா: அதெப்படி?

தங்கை: புருஷன் ஒண்ணு, பொண்டாட்டி ஒண்ணு. சட்டப்படி வீட்டுக்கு ஒரு ஓட்டுத்தான். ரெண்டு பேர் பேர்ல வீடு இருந்தாலும் ஒண்ணுதான். ஒருத்தருக்கும் உறைக்கலை. எண்ணினது யாரு, நம்ம சங்கத் தலைவர், அந்தக் கப்பல் கேப்டன்.

அம்மா: கப்பல்ல ஏறின தலையெல்லாம் எண்ணிப் பழக்கம் போல.

தங்கை: இதோ நிக்கறாளே, இவ அதைக் கொட்டை எழுத்துல எழுதி லிஃப்ட்டுக்குள்ள ஒட்டினா. 'ஆதரவு: 61'. ஏறும்போதும் முறைக்கும், இறங்கும்போதும் முறைக்கும். ஒருநாள் நானும் திருப்பி முறைச்சேன்... பொறி தட்டுச்சு. போட்டோ எடுத்துக்கிட்டு நேரா சங்கப் பதிவாளர்கிட்ட போயிட்டேன்.

அக்கா: அவர் என்ன சொன்னார்?

தங்கை: அரைமணி நேரம் சிரிச்சார். அப்புறம் தீர்மானம் செல்லாது, திரும்ப ஓட்டெடுங்கன்னு எழுதினார். இன்னிக்குக் கூட்டத்துல அதைப் படிச்சப்ப கேப்டன் முகத்தைப் பார்த்தியாக்கா?

அக்கா: பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். வேர்த்துக் கொட்டுச்சு.

அம்மா: திரும்ப எடுத்தாங்களா? என்ன ஆச்சு?

தங்கை: வீட்டுக்கு ஒரு கைதான்னதும் யாரு கைன்னு ஜோடிக்கு ஜோடி சண்டைம்மா! போன தடவை புருஷன் தூக்கினதைப் பார்த்துத் தூக்கினவங்க எல்லாம், 'துவைக்கறது நானு, காயப்போடறது நானு, கை மட்டும் உங்களோடதா'ன்னு பிடிச்சுக்கிட்டாங்க. கேப்டன் கம்பீரமாக் கையைத் தூக்கினார். அவர் சம்சாரம் எழுந்து, 'வீடு என் பேர்ல இருக்கு, கையை இறக்குங்க'ன்னாங்க.

அம்மா: இறக்கினாரா?

அக்கா: கப்பல் கரை தட்டின மாதிரி உட்கார்ந்தார்மா. மொத்தம் பத்தொன்பதுதான். தீர்மானம் படுத்துடுச்சு.

தங்கை: பாரேன், சிரிக்கறா. உனக்கென்ன சிரிப்பு?

அக்கா: சிரிப்பு வந்தா சிரிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?

தங்கை: போன மாசம் நான் அழுதேன். அப்ப நீ நிமிர்ந்தே பார்க்கலை.

அக்கா: பார்த்திருந்தா நானும் அழுதிருப்பேன்... அதைக் கேப்டன் பார்த்திருப்பார்.

தங்கை: பார்த்தா என்ன? பயமா?

அம்மா: விடுடி. வந்தவளுக்குக் காபி கொடு.

தங்கை: இல்லம்மா, இன்னிக்குக் கேட்டே ஆகணும். இத்தனை நாளா நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்கு. ஏன்க்கா, நீ கை தூக்கினே, சரி. மாமாவும் தூக்கினார், அதுவும் சரி. பதவி, மரியாதை, என்ன இழவோ. அதெல்லாம் மன்னிச்சுட்டேன்.

அக்கா: அப்புறம் என்ன?

தங்கை: எப்பவும் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர் வந்தாலே பெரிய விஷயம். நீ கதவு கதவாத் தட்டினே. 'ரெண்டு பேரும் வாங்க, கண்டிப்பா ஜோடியா வந்து கை தூக்குங்க'ன்னு என் காதுபடக் கெஞ்சினே. பெத்தவளுக்கு எதிரா அத்தனை பேரைத் திரட்டணுமாக்கா? அதைச் சொல்லு.

அக்கா: கேப்டன் கைக்குள்ள முப்பத்தஞ்சு வீடு இருந்தது. தடை போட மூணுல ரெண்டு பங்கு, முப்பத்திரெண்டு வீடே போதும்.

தங்கை: போதும்ல? அப்புறம் எதுக்கு ஜோடி ஜோடியா?

அக்கா: ஒத்தை ஒத்தையா வந்து தூக்கியிருந்தா, அந்தத் தீர்மானம் செல்லுபடி ஆயிருக்குமேடி.