எரிஞ்சாத்தான் தெரியும்

குற்றாலம் போகிற பஸ், சீசன் நெரிசலில் நகராமல் நின்றது. எனக்கு முன் சீட்டில் கடையநல்லூர்த் தம்பதி. புருஷன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். அங்கே அவருக்கு பியூஸ் சோதிக்கிற வேலை.

“கரண்டு கூடுனா எரிஞ்சு போகணும். எரிஞ்சாத்தான் நல்ல பியூஸ்னே தெரியும்” என்றார்.

“எரிஞ்ச பொறவு அது எதுக்கு மச்சான்?”

“தூரப் போட வேண்டியதுதான். அதே பெட்டியில உள்ள மத்ததை நம்பி விக்கதுதான்.”

“அப்பம் நம்ம ஏசிக்கு நீங்க கொண்டாந்து மாட்டுனது?”

“அது சோதிக்காதது. ஆனா அந்தப் பெட்டியில எடுத்துப் பாத்ததெல்லாம் சரியா எரிஞ்சுதுட்டி.”

“நீங்களும் ஒங்க தம்பியும் ஒரே வயித்துலதான் பொறந்திய. ஒண்ணுபோலயா இருக்கிய?”

அவர் ஜன்னல் ஷட்டரைத் தூக்கினார். சாரல் அடிக்கவும் இறக்கினார். மறுபடியும் தூக்கினார்.

“ரெண்டு வருஷமா ஒரு தடவகூட போகலியே.”

“அது நல்லதா இருக்கதாலயா, கெட்டதா இருக்கதாலயா? ஒங்க உம்மா பிள்ளையோட அந்த ரூம்லதான் படுத்திருக்காவ.”

அவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“உம்மா, அந்த ஏசியைக் கொஞ்சம் அமத்துங்க.”

“அது அப்பமே நின்னுட்டே வாப்பா. டப்புனு ஒரு சத்தம், அவ்வளவுதான். பிள்ளை நல்லாத் தூங்குதான்.”

அவர் சீட்டைவிட்டு எழுந்தேவிட்டார். “போயிட்டு! பாத்தியா, நல்ல பியூஸு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் சிரிக்கவில்லை.

“சரி, இனிம மாட்டப்போறது?”