ஏத்திட்டேன் மிஸ்

நீங்கள் எழுதுகிற இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. சின்ன விஷயம்தான். நான் சொல்வது உங்கள் தாளில் கோணாமல் விழ வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

பாஸ்வேர்டை நான் திருடியதாக மாடி வீட்டு நர்ஸ் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். திருடவில்லை. அவளே இறங்கி வந்து கொடுத்தாள். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம், வருகை, மார்க், டீச்சரின் புகார் எல்லாவற்றையும் ஓர் ஆப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நர்ஸுக்கு ஊசி போடத் தெரியும், ஆப் போடத் தெரியாது. டியூட்டியில் போனைத் தொடவும் முடியாது.

"அக்கா, உங்க போன்லயே போட்டுக்குங்க. பள்ளிக்கூடத்துல இருந்து என்ன வந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் கட்டடத்துல உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

கடைசியில் ஒரு குத்தல் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அவள் நீட்டிய சீட்டில் இரண்டு பாஸ்வேர்டுகள். ஒன்று பெற்றோருக்கு, இன்னொன்று அவள் மகளுக்கு. எது யாருடையது என்று அவளுக்கே தெரியாது. நான் இரண்டையும் போட்டுக்கொண்டேன்.

என்னை வம்புக்காரி என்பார்கள். வம்பு வேறு, தகவல் வேறு. அந்த ஆப் வந்த பிறகு நான் ஜன்னலில் நிற்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. எட்டாம் வகுப்பின் பொதுப் பக்கம் ஒன்று அதில் உண்டு. எந்தப் பையனுக்குப் பரீட்சை அன்றைக்கு மட்டும் வயிறு வலிக்கும், எந்த அப்பா டீச்சருக்கு முழ நீளத்துக்குப் பதில் எழுதுவார், எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது.

இனி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா, பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தார். நல்ல மனுஷி. ஒரே ஒரு பழக்கம், நான் எதைச் சொன்னாலும் திருத்துவார். 'மூணு மணிக்கு வண்டி வந்து நின்னுது' என்று நான் ஆரம்பித்தால், 'மூணு இல்ல, மூணரை' என்று உள்ளே இருந்து குரல் வரும். 'சிவப்புச் சட்டை போட்டவன்' என்றால், 'சிவப்பு இல்ல, மெரூன்.' அதுவரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டு, மீதிக் கதையை அவரிடம் கேட்க எழுந்து போவார்கள். நான் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருப்பேன்.

அவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கும்போது. இடுப்பெலும்பு. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். ஈரப் படியில் யார் வேண்டுமானாலும் விழலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து நர்ஸின் மகள் அதே படியில் என்னை நிறுத்தினாள். பதின்மூன்று வயசு, கண்ணாடி போட்ட பெண்.

"ஆன்ட்டி, அன்னைக்குப் படியில தண்ணி ஊத்துனது நீங்கதானே? நான் மேல இருந்து பாத்தேன்."

"படி கழுவினேன்டி கண்ணு."

"கழுவுனா கையில தொடப்பம் இருக்குமே."

கெட்டிக்காரி. அன்றுவரை வேறு யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொல்வாள். சொல்லத் துடிக்கிற வாயைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா, என் தொழிலே அதுதானே. அந்த வாயை மூட முடியாது. அது சொல்வதை யார் நம்புவது என்பதைக் கொஞ்சம் முன்கூட்டி ஏற்பாடு செய்யலாம், அவ்வளவுதான்.

ஆப்பில் 'திரும்பப் பெறு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஏற்றிய வீட்டுப்பாடத்தில் தப்பு தெரிந்தால் பிள்ளைகள் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கூடம் நல்ல எண்ணத்தில் வைத்தது. அதை அழுத்தினால் டீச்சர் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கெடு முடிந்ததும் பெயருக்கு எதிரே 'சமர்ப்பிக்கவில்லை' என்று சிவப்பாக விழும். அவள் காலையில் ஏற்றிவிட்டுப் போவாள். பள்ளிக்கூடத்தில் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பதினோரு மணி டீக்கு உட்காரும்போது நான் திரும்பப் பெறுவேன். சாயங்காலம் அவள் வந்து பார்த்தால், எழுதியது எழுதியபடி, ஏற்றாமலே இருக்கும். பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வரும்.

அறிவியல், கணக்கு, மறுபடி அறிவியல். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று "ஏத்திட்டேன் மிஸ்" என்றாளாம். ஐந்தாவது தடவை வகுப்பே அவளோடு சேர்ந்து சொன்னதாம். பிறகு அவள் பெயரே அதுவாகிவிட்டது. பொதுப் பக்கத்தில் ஒருவன் போட்டிருந்தான்: 'ஏத்திட்டேன் இன்னைக்கு லீவா?' அடியில் இன்னொருத்தி: 'கேட்டா வந்துட்டேன் மிஸ்னு சொல்லுவா.' நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன்.

சிவப்பு வரிகளை அன்றன்றைக்கு நர்ஸிடம் சொல்லிவிட்டேன். அது நான் ஒப்புக்கொண்ட வேலை. அவள் பெயரில் டீச்சருக்கும் ஒரு வரி எழுதினேன்: 'வீட்டிலும் இவள் இப்படித்தான், கண்டிக்கிறோம்.'

எட்டாவது சிவப்பு விழுந்த அன்றைக்கு மேலே சத்தம் கேட்டது. படித் திருப்பத்தில் நின்றால் அந்த வீட்டுப் பேச்சு தெளிவாக விழும்.

"வீட்டுப்பாடத்துல பொய், டீச்சர்கிட்ட பொய். இப்போ நமக்கு இவ்வளவு செய்யற அக்காவைப் பத்தியேவா?"

"சத்தியமா பாத்தேன்மா."

"ஏத்துனேன்னும் சத்தியம்தானே பண்ணுன?"

அடி விழுந்தது. அரை மணி கழித்து நர்ஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே வந்தாள். "சாரி ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்து. நான் பிஸ்கட் கொடுத்தேன். வாங்கவில்லை. பிடிவாதம்.

அதன் பிறகு அவள் யாரோடும் பேசுவதில்லை. நர்ஸ் என்னிடம் வந்து, "பேசாம இருக்குறதுக்கு அந்தப் பொய்யையே சொல்லிட்டு இருந்திருக்கலாம்க்கா" என்று அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். பள்ளிக்கூடமும் எழுதிவிட்டது: இன்னும் ஒன்று வராவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இன்னும் ஒன்று மொழிப்பாடக் கட்டுரை. தலைப்பு, 'நான் நேரில் கண்டது'.

பதினொன்றுக்கு டீயோடு திறந்தேன். முழுக்க எழுதியிருந்தாள். என்னை, படியை, வாளியை. வாயால் சொன்னால் நம்பாதவர்கள் மார்க் போடுவதற்காகவாவது படிப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். நடை நன்றாகவே இருந்தது. திரும்பப் பெற்றேன். அழிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

ஆனால் இரண்டு இடத்தில் தப்பு. 'ஒரு வாளி நிறையச் சோப்புத் தண்ணீரை மூன்றாம் படியில் ஊற்றினார்' என்று எழுதியிருந்தாள். யாராவது ஒரு வாளி ஊற்றுவார்களா? நுரை தெரிந்துவிடும். அரை வாளி. மூன்றாம் படியும் இல்லை. மேலிருந்து நான்காம் படி. அங்கேதான் கைப்பிடிக் கம்பி விட்டுப்போயிருக்கிறது. மூன்றாம் படியென்றால் அவர் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு விஷயத்தைச் சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டாமா? திருத்தினேன். கம்பியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். திருத்தி முடித்தபின் படித்துப் பார்த்தேன், ஒரு குறை இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் குறுக்கே ஒரு குரல் வராமல் நான் சொல்லி முடித்த கதை அது ஒன்றுதான். அழிக்க மனசு வரவில்லை. விரல் 'சமர்ப்பி' என்கிற பச்சைப் பொத்தானில் பட்டுவிட்டது.

ஆப் பழைய வடிவத்தையும் வைத்திருக்கும், எந்தப் போனில் எத்தனை மணிக்குத் திருத்தினார்கள் என்றும் எழுதி வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. பதினொன்று இருபதுக்கு அந்தப் பெண் தன் எதிரே உட்கார்ந்திருந்தது டீச்சருக்குத் தெரியும். இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாராம். பொறுப்பான டீச்சர்.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் அம்மாவிடம் சொல்லுங்கள், பிள்ளையை இனிமேல் நம்பச் சொல்லுங்கள். என் நாத்தனார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எதற்கெடுத்தாலும் திருத்துகிற குணம் சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது, கூட இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

எங்கே கையெழுத்து? இருங்கள், இதில் 'ஒரு வாளி' என்றே எழுதியிருக்கிறீர்கள். அரை வாளி என்று மாற்றிக் கொடுங்கள், போடுகிறேன்.